இணையத்தில் கைவினைச் சந்தை: இறங்குமுன் எண்ண வேண்டியவை

கிராமக் கைத்தொழில்கள் நலிவதற்கு நல்ல சந்தை இல்லாமையே முக்கிய காரணம் என்று நாம் நெடுங்காலமாகக் கூறி வருகிறோம். இன்று பத்தமடைப் பாயைத் தில்லியில் உள்ளவரும் இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தபடியே வாங்கலாம். ஆகவே, நம் வட்டாரத்துக் கைவினைப் பொருள்களுக்கென்று நாமே ஓர் இணையச் சந்தை தொடங்கினால் என்ன என்ற எண்ணம் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் எழுவது இயல்பே. எண்ணம் நல்லது. ஆனால், ஆழம் அறிந்தே காலை விடுதல் வேண்டும். இதில் இடப்படும் முதல், குழுப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அது கரைந்தால் குழுவின் ஒற்றுமையும் உடன் கரையும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடை வேறு, சந்தை வேறு

நம் பொருளை நாமே விற்பது கடை. பலருடைய பொருள்களைப் பலருக்கு விற்க இடம் அமைப்பது சந்தை. வாங்குவோர் வராத சந்தைக்குச் சரக்கு வராது. சரக்கு இல்லாத சந்தைக்கு வாங்குவோர் வாரார். இவ்விரு கூட்டத்தையும் ஒருங்கே சேர்ப்பதே கடினமான வேலை. இணையப் பக்கம் அமைப்பது ஒருமுறைச் செலவு. அங்கே ஆட்களை வரவழைக்கும் விளம்பரமோ மாதந்தோறும் வரும் செலவு.

ஒரு பாயின் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு பாயின் விலை 1,000 ரூபாய் என்று கொள்வோம். கோரை, நூல், சாயம் 250, கூலி 400, கட்டுமானம் 40, அனுப்பும் செலவு 180, விளம்பரமும் பணம் பெறும் கட்டணமும் 50. மிச்சம் 80 ரூபாய். பத்துப் பாய் விற்றால் 800 ரூபாய் லாபம்.

அவற்றுள் ஒன்று திரும்பி வந்துவிட்டால்? போக்குவரத்து இரு வழிக்கும் 360, கட்டுமானம் 40, ஆக 400 ரூபாய் நஷ்டம். மற்ற ஒன்பது பாய்களின் லாபமாகிய 720-இல் 320-தான் எஞ்சும். வந்த பாய் நனைந்தோ கிழிந்தோ இருந்தால் அதன் 650 ரூபாயும் சேர்ந்து நஷ்டம் 1,050 ஆகிவிடும். பத்துப் பாய் நெய்தும் கையைவிட்டு 330 ரூபாய் போகும். பொருளைப் பெறும்போது பணம் தருவதாகச் சொல்லிப் பின் வாங்க மறுப்போராலும் இந்நிலை நேரும்.

அனுப்பும் செலவிலும் ஒரு நுட்பம் உண்டு. கூரியர் நிறுவனங்கள் பல, நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோ எடையாகக் கொள்கின்றன. உண்மை எடை, கணக்கெடை ஆகிய இரண்டில் மிகுந்ததற்கே கட்டணம். 120 செ.மீ. நீளமும் 12 செ.மீ. கனமுமாகச் சுருட்டிய பாய், தராசில் 2 கிலோவே இருப்பினும், ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாகக் கணக்கிடப்படும்.

சந்தைக்காரரின் பொறுப்பு

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சந்தை நடத்துவோர் குறை கேட்கும் அலுவலர் ஒருவரை நியமித்தல் வேண்டும். முறையீடு கிடைத்ததென்று 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். பிறர் பொருளுக்கான பணத்தைத் தாம் வசூலிக்கும் சந்தையினர் சரக்கு சேவை வரியின்கீழ்ப் பதிவு செய்து, விற்பவர் சார்பில் வரிப் பிடித்தம் செய்து செலுத்தவும் வேண்டும். 2024 ஜூலை 10 முதல் இப்பிடித்தம் நூற்றுக்கு அரை வீதம். இவற்றையெல்லாம் தவறாது கவனிக்கக் கணக்கறிந்த ஒருவர் நம்மிடம் உண்டா?

உற்பத்தியையும் எண்ண வேண்டும். நுண்ணிய பட்டுப்பாய் ஒன்றை நெய்ய வாரக்கணக்கில் ஆகும். பண்டிகைக்கு நூறு பேர் கேட்டால், இல்லையென்று சொல்லும் துணிவு வேண்டும். அவசரத்தில் இயந்திரப் பாயைக் கலந்து அனுப்பினால் ஊரின் பெயரே கெடும்.

பிறர் சந்தையில் விற்றால் கவலை இல்லையா?

அதிலும் அபாயம் உண்டு. அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய எட்சி என்னும் கைவினைச் சந்தை, 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை நூற்றுக்கு 5-லிருந்து 6.5 ஆக உயர்த்தியது. விற்பவர்களுள் பல்லாயிரவர் எதிர்த்தும், சிலர் ஒரு வாரம் கடை மூடியும், கட்டணம் குறையவில்லை. ஆயினும், அங்கே நாம் இழப்பது லாபத்தில் ஒரு பங்கு; நம் சொந்தச் சந்தை விழுந்தால் இழப்பது முதல் முழுவதும்.

செய்யத்தக்கது

முதலில் ஒரே பொருளை, பூம்புகார் போன்ற அரசு நிறுவனத்தின் வழியாகவோ, முன்பே நடந்துவரும் இணையச் சந்தையிலோ விற்றுப் பார்ப்போம். ஓராண்டுக்குத் திரும்பி வந்தவை, உடைந்தவை, தாமதமானவை யாவற்றையும் தனி ஏட்டில் எழுதுவோம். எவ்வளவு நஷ்டம் வரை தாங்குவோம் என்பதை முன்கூட்டியே தீர்மானமாகப் பதிவு செய்து, அவ்வெல்லை வந்ததும் நிறுத்துவோம். கடன் வாங்கி இணையச் சந்தை அமைக்க வேண்டா. நெய்தவரின் கூலியை விற்பனைக்குக் காத்திராமல் கொடுத்துவிடுவோம்; சந்தையின் நஷ்டம் அவர் தலையில் விழலாகாது.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் பொருள் ஒன்றின் முழு அடக்கவிலை என்ன?
2. பத்தில் ஒன்று திரும்பி வந்தால் மிச்சம் எவ்வளவு?
3. மாதம் எத்தனை பொருள்களைத் தரம் குறையாமல் தர இயலும்?
4. நஷ்டம் வந்தால் அதை ஏற்பவர் யார்?

இந்நான்கிற்கும் விடை எழுதிய பிறகே சந்தையைப் பற்றிப் பேசுவோம்.