சிறுநீரில் புரதம்: சிறுநீரகம் தரும் முன்னறிவிப்பு

பாவுக்கு இடும் கஞ்சியை நெசவாளர் துணியிலிட்டு வடிகட்டுவதை நாம் அறிவோம். துணி நன்றாயிருந்தால் நீர்க்கஞ்சி மட்டும் கீழே இறங்கும். கட்டி மேலே தங்கிவிடும். துணியில் இழை விட்டுப் போயிருந்தாலோ, கட்டியும் சேர்ந்து இறங்கிவிடும். இறங்கிய கஞ்சியைப் பார்த்தே துணியின் பழுதைச் சொல்லிவிடலாம். சிறுநீரைப் பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிவதும் இத்தகையதே.

நம் முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ள சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளில் அவை சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உடலுக்கே திரும்புகிறது. 1 அல்லது 2 லிட்டர் மட்டுமே கழிவுகளுடன் சிறுநீராக வெளியேறுகிறது. இரத்தத்திலுள்ள புரதம் உருவிற் பெரியது. ஆகையால் அது பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். ஒரு நாளைய சிறுநீரில் 150 மில்லிகிராமுக்குக் குறைவான புரதம் இருப்பது இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து போகுமாயின், வடிகட்டி பழுதடைந்துள்ளது என்று ஐயுற வேண்டும்.

இவ்வுண்மையை உலகிற்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட் என்னும் மருத்துவர். உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி, மெழுகுவத்திச் சுடரிற் காட்டினால், முட்டையின் வெண்கரு வெந்து திரள்வதுபோல் அது வெண்மையாகத் திரண்டது. இறந்தோரின் உடலை ஆராய்ந்தபோது அவர்களது சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தன. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை அவர் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று கரண்டியும் சுடரும் வேண்டா. மருந்து தோய்த்த சிறு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தால், புரதம் இருப்பின் அதன் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும்.

நம் ஊர்களில் இதனைச் ‘சிறுநீரில் உப்பு இறங்குகிறது’ என்று சொல்வதுண்டு. அது உப்பன்று, ஆல்புமின் என்னும் புரதமேயாகும்.

இந்நோயின் கொடுமை யாதெனில், அது வலியின்றி வளர்வதாம். சிறுநீரகத்தின் பெரும்பகுதி செயலிழக்கும் வரையில் தறியில் அமர்ந்திருப்பவர் தறியிலேயே இருப்பார். மலைச்சரிவில் சாமை அறுப்பவர் அறுத்துக்கொண்டே இருப்பார். காலும் முகமும் வீங்கி, பசி குன்றி, மூச்சு முட்டும்போதுதான் மருத்துவமனையை நாடுவர். அப்பொழுது வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு வேண்டியிருக்கும். அல்லது மாற்றுச் சிறுநீரகம் வேண்டும். நமக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-ஆம் ஆண்டிலேயே மாற்றுச் சிறுநீரகம் வெற்றியுடன் பொருத்தப்பட்டது. எனினும் அந்நிலைக்குச் செல்லாமற் காப்பதே மேல். அரசு காப்பீடு செலவைத் தாங்கினாலும், ஜவ்வாது மலையிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து போகும் நாட்களின் கூலியை யார் தருவார்?

முன்னரே கண்டுபிடிப்பது கிராமங்களிலும் இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், டாக்டர் எம். கே. மணி அவர்களின் வழிகாட்டுதலில், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 1990-களில் இப்பணியைத் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உளவா என்று பார்த்து, இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். குறை காணப்பட்டவர்களுக்கு விலை குறைந்த மருந்துகளாலேயே சிகிச்சை அளிக்கப்பட்டது.

ஒரு முறை புரதம் தென்பட்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. காய்ச்சல், கடும் உழைப்பு, சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு ஆகியவற்றாலும் அது தோன்றி மறையலாம். காலையில் முதலிற் கழிக்கும் சிறுநீரை மீண்டும் சோதிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோயின் அடையாளம். கருவுற்ற பெண்களுக்கோ காத்திருத்தல் கூடாது. ஐந்தாம் மாதத்திற்குப் பின் புரதமும் உயர்ந்த இரத்த அழுத்தமும் சேர்ந்து தோன்றினால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

புரதம் இல்லையென்றாலும் முற்றிலும் கவலையற்றிருத்தல் ஆகாது. கடும் வெயிலில் உழைக்கும் விவசாயிகளிடம், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாமலேயே ஒருவகைச் சிறுநீரக நோய் காணப்படுகிறது. அதில் புரதம் மிகக் குறைவாகவே இறங்கும். ஆகையால் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் பார்ப்பது நலம்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சிலவே. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை, உடல் நன்றாயிருக்கிறதென்று நிறுத்திவிடாதீர்கள். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குவதை விட்டொழியுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் முதலியவற்றின் உப்பைக் குறையுங்கள். வெயிலில் வேலை செய்வோர் இடையிடையே நிழலில் அமர்ந்து நீர் அருந்துங்கள்.

இழை ஒன்று அறுந்தவுடன் முடிபோடும் நெசவாளர் துணியைக் காப்பாற்றுவார். பல முழம் நெய்தபின் பார்ப்பவருக்கு வருத்தமே மிஞ்சும். அக்கருத்தை நம் உடலிடத்தும் கைக்கொள்வோமாக.