நூலின் தரமும் நிரலின் தரமும்

(இளநிலை அறிவியல், இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் துறை)

இராஜபாளையத்தில் பிறந்தவர்களுக்குத் தரக் கட்டுப்பாடு என்ற சொல் புதிதன்று. 1936-ஆம் ஆண்டில் திரு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இவ்வூர் மக்களின் பிழைப்பு நூலோடு பின்னிக் கிடக்கிறது. என் தந்தையாரும் ஒரு நூற்பாலைத் தொழிலாளியே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

மென்பொருள் துறையில் ‘தரக் கட்டுப்பாடு’, ‘தர உறுதி’ என இரண்டு சொற்கள் உண்டு. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதுகின்றனர். வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் நிரலைச் சோதிப்பவருக்குத்தான் ‘கியூ.ஏ.’ என்று பெயர் சூட்டுகிறார்கள்! வேறுபாட்டை மில்லின் வழியே காண்பது நமக்கு எளிது.

நூற்ற நூலில் 120 கெஜம் சுற்றி எடுத்தால் அது ஒரு ‘லீ’. ஏழு லீ சேர்ந்தது ஒரு சிட்டம். அதாவது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம் அடங்கினால் அது 40-ஆம் நம்பர் நூல். அப்படியானால் அந்நூலின் ஒரு லீ ஏறத்தாழ 1.62 கிராம் இருக்க வேண்டும். லீயை நிறுத்துப் பார்த்து, இழுத்து அறுத்துப் பார்த்து, தேறாததை ஒதுக்குவது தரக் கட்டுப்பாடு. பஞ்சின் இழை நீளம் பார்த்து வாங்குவதும், கூடத்தில் ஈரப்பதம் குறையாமல் காப்பதும், கார்டிங் எந்திரத்தின் கம்பிப் பற்களை உரிய காலத்தில் தீட்டுவதும் தர உறுதி. முன்னது செய்த பொருளைப் பார்க்கிறது. பின்னது செய்யும் முறையைப் பார்க்கிறது. “லேப்புல தெரியுறப்ப நூல் கோன்ல ஏறியிருக்கும்ப்பா; கார்டிங்லயே பாத்திருக்கணும்” என்று தந்தையார் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

ஆனால் இந்த ஒப்புமை ஓர் எல்லைவரைதான் செல்லும். நூறு கோன்களில் ஒன்று பழுதானால் அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பலாம். நிரலில் அவ்வாறு இயலாது. ஒரு பிரதியில் உள்ள பிழை எல்லாப் பிரதிகளிலும், அதே வரியில், இருக்கும். மாதிரி எடுத்துப் பார்ப்பதற்கு அங்கே பொருளே இல்லை.

அந்த ஒரு நிரலையே எல்லா வகையிலும் சோதித்துவிட்டால் என்ன? இரண்டு எண்களைக் கூட்டும் சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் 32 பிட் என்றால், கொடுக்கக்கூடிய இணைகள் 2-இன் 64-ஆம் அடுக்கு. வினாடிக்குப் பத்து லட்சம் வீதம் சோதித்தாலும் முடிக்க 5 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கூட்டலுக்கே இப்படி!

நம் நாடு இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1993 செப்டம்பர் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. இவ்வகை ராக்கெட்டின் இரண்டாம் கட்ட எஞ்சினைச் சோதிக்கும் மகேந்திரகிரி, நம் ஊரையொட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் உள்ளது. இரண்டாம் கட்டம் பிரியும் வேளையில் எதிர்பாராத பெரும் தடுமாற்றம் ஏற்பட்டது. அதைச் சமாளிக்க வேண்டிய கட்டுப்பாட்டு நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கட்டளையின் அளவு வகுத்த உச்சவரம்பைத் தாண்டினால் மட்டுமே வெளிப்படும் பிழை அது. அன்று தாண்டியது. ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடையவில்லை. திருத்தங்களுடன் 1994 அக்டோபர் 15-இல் சென்ற அடுத்த ராக்கெட் வெற்றி கண்டது.

ஐரோப்பியர்களின் கதை இன்னும் வியப்பானது. ஏரியன்-4 ராக்கெட்டில் நன்றாக உழைத்த நிரலை ஏரியன்-5-க்கும் அப்படியே எடுத்து வைத்தார்கள். 1996 ஜூன் 4-இல் அது கிளம்பி 40 வினாடிகள் ஆவதற்குள் அழிந்தது. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அதைக் குறித்த எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. மாற்றுக்கென்று வைத்திருந்த இரண்டாம் கருவியும் உதவவில்லை. அதில் இருந்ததும் அதே நிரல்தானே! இரண்டும் ஒன்றுபோலவே நின்றுபோயின. புதிய ராக்கெட்டின் பாதைக்கு ஏற்ப அந்த நிரலைச் சோதிக்கவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. இங்கே தவறிய இடம் சோதனைக் கூடம் மட்டுமன்று. எதைச் சோதிக்க வேண்டும் என்று தீர்மானித்த மேசை அதற்கும் முந்தியது.

அந்த மேசையில் அமர்வதே தர உறுதி என்பேன். 1976-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் ஒரு முறையை வெளியிட்டார். எழுதியவரும் வேறு சிலரும் கூடி உட்கார்ந்து, நிரலை ஓட்டுவதற்கு முன்பே வரி வரியாகப் படிப்பார்கள். கண்ட பிழைகளை வகைப்படுத்திக் குறிப்பார்கள். கேட்பதற்கு ஏதோ திண்ணைப் பேச்சுப்போல் தோன்றும். ஆயினும் கணிப்பொறி கேட்காத கேள்வியை, ‘இந்த எண் இதைவிடப் பெரிதாக வராதா?’ என்ற கேள்வியை, பக்கத்தில் அமர்ந்தவர் கேட்டுவிடுவார்.

செய்முறை வகுப்பில் நாம் பெரும்பாலும் விடை வந்ததும் எழுந்துவிடுகிறோம். நண்பர்களே, அடுத்த முறை டர்போ சி-யில் ஒரு முழு எண் மாறியில் 32767 என்று வைத்து, அதனோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். திரையில் -32768 என்று வரும். பிழை என்று கணிப்பொறி ஒரு வார்த்தையும் சொல்லாது.