இணைய ஏலத்தில் பொருள் விற்போர் கவனத்திற்கு

வீட்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் பொருளை இணைய ஏலத்தில் விற்பது இன்று எளிது. ஆயினும், ஏமாறுபவர் வாங்குபவர் மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது.

ஏலத்திற்கு விடுமுன்: பொருளின் குறைகளை மறைக்காது எழுதி, அவை தெரியுமாறு படம் இடுவோம். குறைந்தபட்ச விலையையும், அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்னரே குறிப்பிடுவோம்.

பணம் பெறும்போது: யுபிஐ வழியே பணம் பெற ரகசிய எண் தேவையில்லை, பிறர் அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. இவை பணம் செலுத்துவதற்கு உரியவை.

ஓர் எடுத்துக்காட்டு: 5,000 ரூபாய்க்கு ஏலம் போன தையல் இயந்திரத்திற்கு 15,000 ரூபாய் வரவானதாகக் குறுஞ்செய்தி வருகிறது. "தவறுதலாக ஓர் ஒன்றைச் சேர்த்து அழுத்திவிட்டேன், 10,000 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள்" என்கிறார் வாங்கியவர். செய்தி போலி, கணக்கில் ஒரு ரூபாயும் வரவில்லை. அனுப்பினால் போவது நம் சொந்தப் பணம் 10,000 ரூபாய். பொருளையும் கொடுத்துவிட்டால் மொத்த இழப்பு 15,000 ரூபாய்.

ஆகவே, குறுஞ்செய்தியைச் சான்றாகக் கொள்ளாது, வங்கிச் செயலியில் வரவைக் கண்ட பின்னரே பொருளை ஒப்படைப்போம். மெய்யாகவே கூடுதல் தொகை வந்திருப்பினும், நாமே திருப்பி அனுப்பாது கிளையை அணுகுவோம். அது வேறொருவரிடம் களவாடிய பணமாகவும் இருக்கக்கூடும்.

ஏமாற்றப்பட்டால்: நாணித் தயங்காது உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவிப்போம். பணம் கைமாறுமுன் அதை முடக்கிவைக்கும் வாய்ப்பு, விரைந்து புகார் அளிப்பவருக்கே மிகுதி.