கணினியின் செவி

ஏரிகள் மிகுந்த செங்கற்பட்டுச் சீமையில், கடைமடை வயலுக்கு நீர் வந்து சேரவில்லையென்றால் உழவர் என்ன செய்வார்? ஏரி வற்றிவிட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடமாட்டார். மண்வெட்டியைத் தோளில் ஏந்தி, மதகிலிருந்து கால்வாயின் வழியே நடப்பார். நீர் எவ்விடம் வரை வந்திருக்கிறது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்று பார்ப்பார். நின்ற இடத்தில்தான் அடைப்பு இருக்கும். இம்முறை வயலுக்கு மட்டுமன்றிக் கணினிக்கும் பொருந்தும் என்பதைப் புதுப்பட்டினத்தில் ஒரு நாள் பிற்பகலில் கண்டேன்.

புதுப்பட்டினம், மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள கடற்கரையூர். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய பழங்கோட்டை நிற்கிறது. புதுப்பட்டினத்து மீனவர் குப்பத்தில் என் மாணவன் ஒருவனுடைய பாட்டனார் இருந்தார். அவர் கட்டுமரக் காலத்துக் கடலோடி. எண்பது வயதைக் கடந்தவர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளை உறவினரைப்போலப் பெயர் சொல்லிப் பேசுவார். எக்காற்றுக்கு எம்மீன் கரையை நாடும், நீரின் நிறம் மாறினால் அது எதற்கு அறிகுறி என்பனவற்றை விரல்விட்டு எண்ணிச் சொல்வார். அவர் அவற்றை எழுதி வைத்தவர் அல்லர், எழுத்தறியாதவர். மறுநாட்காலையில் அவர் தொலைவிலுள்ள மகள் வீட்டிற்குக் குடிபெயர இருந்தார். அவர் சொல்வதைப் பதிந்து வைக்க அந்த ஒரு பிற்பகலே எங்களுக்கு எஞ்சியிருந்தது.

கைப்பேசியில் பதியலாகாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். பதிந்து பார்த்தோம். கடற்காற்றின் இரைச்சல் முன்னே நின்றது. பெரியவரின் குரல் பின்னே ஒதுங்கிக்கொண்டது. ஆகவே ஒரு நல்ல ஒலிவாங்கியையும், அதைக் கணினியோடு இணைக்கும் ஒலி இடைமுகம் என்னும் சிறு பெட்டியையும் எடுத்துச் சென்றிருந்தேன். கணினி, மாணவனுடைய தமக்கை மேனிலைப் பள்ளியில் பயின்றபோது அரசு வழங்கிய மடிக்கணினி. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகள் பலவற்றில் பாஸ் என்னும் லினக்ஸ் இடம்பெற்றிருந்தது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது.

ஒலி இடைமுகம் செய்யும் வேலை யாது? கடலோடிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கடலின் ஆழத்தை அளப்பதுண்டு. ஓரிடத்தில் எட்டுப் பாகம், அடுத்த இடத்தில் பத்துப் பாகம் என்று தொடர்ந்து அளந்துகொண்டே போனால் கடலடியின் வடிவம் விளங்கிவிடும். ஒலிவாங்கி, குரலை ஏறியிறங்கும் மின்னலையாக மாற்றுகிறது. பெட்டி அவ்வலையை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கி, யு.எஸ்.பி. கம்பி வழியே கணினிக்கு அனுப்புகிறது. அளக்கும் கோலில் உள்ள படிகளோ, 24 பிட்டு முறையில் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்திற்கும் மேல்! மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும்; அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால் குரலின் வடிவம் சிதையாது.

பெட்டியை இணைத்துப் பதிந்தோம். மீண்டும் ஓட்டிக் கேட்டால், மடிக்கணினியின் விசிறி ஓசை மட்டும் கேட்டது. பெரியவர் நகைத்தார். “வாத்தியாரே, எனக்குத்தான் காது மந்தம் என்றிருந்தேன், உங்கள் பெட்டிக்குமா?” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியை விற்ற கடைக்காரர், “இது லினக்ஸில் ஓடாது, ஐயா” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதே உண்மையாகிவிடுமோ என்று அஞ்சினேன். ஆயினும் அதை ஏற்க மனம் ஒப்பவில்லை. யு.எஸ்.பி. வழியே ஒலி எவ்வாறு செல்ல வேண்டும் என்பதற்கு 1998ஆம் ஆண்டிலேயே பொதுவிதி வகுக்கப்பட்டுவிட்டது. அவ்விதிக்கு அடங்கிய பெட்டி எந்நிறுவனத்தின் ஆக்கமாயினும், தனி இயக்கி எதுவும் இல்லாமலே லினக்ஸ் அதனோடு பேசும். விதிக்கு அடங்காத பெட்டிகளும் கடைகளில் உண்டு. வாங்குமுன் கேட்டறிவது நலம். என்னுடையது விதிக்கு அடங்கியது. ஆகவே உழவரைப்போல மதகிலிருந்து நடக்கத் தொடங்கினோம்.

முதற்கேள்வி: பெட்டி வந்திருப்பதைக் கணினி அறிந்ததா? கறுப்புத் திரையில் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்னும் ஆணையை இட்டால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் தோன்றும். முதன்முறை பெட்டியின் பெயர் இருந்தது, மறுமுறை இல்லை, பின்னும் ஒருமுறை இருந்தது. பெட்டியின் விளக்கும் மினுக்கிற்று. “ஐயா, கரண்டு போதவில்லையோ?” என்றான் மாணவன். அவன் கூறியதே சரி. பல துளைகள் உள்ள ஒரு பகிர்வுக் கட்டையில் பெட்டியைச் செருகியிருந்தோம். அதே கட்டையில் ஒரு கைப்பேசியும் மின்னேறிக்கொண்டிருந்தது. யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதைக்கொண்டுதான் பெட்டி தானும் இயங்கி, ஒலிவாங்கிக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் உயர்த்தித் தரவேண்டும். அதையும் பிறரோடு பங்கிட்டால் எவ்வாறு போதும்? கட்டையை நீக்கிப் பெட்டியை மடிக்கணினியிலேயே செருகினோம். விளக்கு நிலைத்தது.

எனினும், பதிந்தால் மீண்டும் விசிறி ஓசையே.

இரண்டாம் கேள்வி: பெட்டியை ஒலிக்கருவி என்று கணினி ஏற்றதா? லினக்ஸின் கருவாகிய கெர்னலில் அல்சா என்னும் பகுதி ஒலியைக் கவனிக்கிறது. செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்டு என்னும் ஒலி அட்டைக்காக எழுதிய இயக்கியிலிருந்து வளர்ந்தது அது. 2003ஆம் ஆண்டு வெளிவந்த 2.6ஆம் கெர்னலில் நிலையான இடம் பெற்றது. ஒருவர் தம் தேவைக்காக எழுதியது, எவரும் படித்துத் திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டமையால், புதுப்பட்டினத்துக் குடிசை வரை வந்து சேர்ந்திருந்தது. ஏரெக்கார்டு என்னும் ஆணையோடு, ஒரு சிறு கோடும் எல் என்னும் எழுத்தும் சேர்த்து இட்டோம். இரண்டு அட்டைகள் தோன்றின. எண் 0, மடிக்கணினியின் உள்ளிருக்கும் ஒலிவாங்கி. எண் 1, எங்கள் பெட்டி. கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும் என்பதை மறந்தவர்கள் இங்கே இடறுவர்.

அதே ஆணையால் அட்டை ஒன்றிலிருந்து நேராகப் பத்து நொடி பதிந்தோம். பெரியவரின் செருமல் தெளிவாகக் கேட்டது! மாணவன் கைதட்டினான். நீர் இவ்விடம் வரை வந்துவிட்டது. அடைப்பு இதற்கும் அப்பால்.

அல்சாவுக்கும் நாம் பயன்படுத்தும் பதிவுச் செயலிக்கும் இடையே இன்னும் ஒருவர் நிற்கிறார். ஏரி நீரை முறைவைத்துப் பிரித்துவிடும் நீர்க்கட்டியைப்போல, எச்செயலிக்கு எக்கருவியின் ஒலி என்று பிரித்துவிடுவது இவர் தொழில். பழைய லினக்ஸ்களில் பல்ஸ் ஆடியோ என்றும், இந்நாளைய லினக்ஸ்கள் பலவற்றில் பைப்வயர் என்றும் இவருக்குப் பெயர். ஒலி அமைப்புச் சாளரத்தைத் திறந்து பார்த்தோம். எங்கள் பெட்டி ‘ஒலி வெளியீடு மட்டும்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. உள்வருவதற்கோ, பழைய ஒலிவாங்கியே உரிமையாளராக வீற்றிருந்தது. பெட்டியை ‘உள்ளீடும் வெளியீடும்’ என்று மாற்றி, உள்ளீட்டிற்கும் அதையே தேர்ந்தோம். இரண்டு சொடுக்குகள், அவ்வளவே. பெட்டியிலும் பழுதில்லை, லினக்ஸிலும் பழுதில்லை. ஒரு வாய்க்கால் வேறு வயலுக்குத் திரும்பியிருந்தது.

இனிக் குரலின் அளவு. காது மந்தமானவர் ஆதலாலும், ஒரு படகிலிருந்து மறு படகிற்குக் கூவிப் பழகியவர் ஆதலாலும், பெரியவர் வாய் திறந்தவுடன் சிவப்பு விளக்கு எரிந்தது. அளவுகோலின் உச்சியை மீறிய ஒலிக்கு எண் கிடையாது. அதன் முடி வெட்டுண்டு போகும், பிறகு எவராலும் ஒட்ட முடியாது. மெல்லப் பேசுமாறு அவரை வேண்டுவதைக் காட்டிலும் பெட்டியின் திருகைக் குறைப்பதே மரியாதை. குறைத்தோம்.

மாணவன் செவிக்கருவியை அணிந்து, “தாத்தா உதடு அசைந்த பிறகுதான் குரல் வருகிறது” என்றான். எண்களைச் சிறிது சேர்த்து வைத்தே கணினி கையாளும். 48,000இல் 2,048 எண்களைச் சேர்த்தால் நொடியில் இருபத்துமூன்றில் ஒரு பங்கு தாமதம். ஏறத்தாழ ஐம்பதடிக்கு அப்பால் நின்று பேசுபவரைக் கேட்பது போன்றது. 256ஆகக் குறைத்தால் ஆறடி. பாடுபவருக்குச் சிறு தொகுதியே வேண்டும்; ஆனால் பழைய கணினி அவ்வளவு விரைந்து எண்ண மாட்டாமல் இடையிடையே ஒலியைத் தவறவிடும். எங்களுக்கு வேண்டியது பேச்சு. ஆகவே பெருந்தொகுதியை மாற்றவில்லை.

அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. பெரியவர் வாடைக் காற்றில் தொடங்கினார். நாற்பது நிமிடம் பேசினார். ஓர் ஒலிவாங்கிக்கு நொடிக்கு 1,44,000 பைட்டு வீதம், அப்பேச்சு 34,56,00,000 பைட்டாகக் கோப்பில் அமர்ந்தது. அன்றே அதற்கு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை மாணவனிடம் கொடுத்தேன். அதைக் கேட்கும்போது, கச்சான் காற்றைப் பற்றிய பேச்சின் நடுவே ஒரு காகம் கரைகிறது, அலை ஒன்று மடிகிறது, பிறகு பெரியவர் பேச்சை நிறுத்தி, “பெட்டிக்குக் கேட்கிறதா, தம்பி?” என்று பேரனை வினவுகிறார்.