கல்லில் வாழும் கைத்திறன்

நுழையும்முன்

எழுத்தில் பதிந்த அறிவை நூலகங்கள் காக்கின்றன. கையில் பதிந்த அறிவை யார் காப்பது? பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் உள்ள நோட்ரே டாம் பேராலயத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

தீயை வென்ற விதானம்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மாலை, நோட்ரே டாம் பேராலயத்தின் கூரையில் தீப்பற்றியது. கருவாலி மரத்தாலான கூரைச்சட்டகம் எரிந்து அழிந்தது. 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கூர்கோபுரம் முறிந்து விழுந்து, கீழிருந்த கல்விதானத்தைத் துளைத்தது. ஆயினும் விதானத்தின் பெரும்பகுதி குலையாமல் நின்று, எரிந்து வீழ்ந்த மரங்களைத் தாங்கியது. தீ உட்புறம் முழுவதும் பரவாமல் தடுத்தது. அவ்விதானம் 800 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்தச்சர்களின் கைவண்ணம் ஆகும்.

எடைக்கு வழியமைத்த கலை

ஆயர் மொரிசு தெ சுல்லியின் காலத்தில், 1163ஆம் ஆண்டளவில் இப்பேராலயப் பணி தொடங்கியது. உயர்ந்த கல்விதானம் தன் எடையால் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அதனைத் தாங்கச் சுவரைப் பருமனாக்கினால் பெரிய சாளரங்கள் அமைக்க இயலாது. உள்ளே இருள் சூழும். இச்சிக்கலை அக்காலக் கல்தச்சர்கள் மூன்று உத்திகளால் தீர்த்தனர். அரைவட்ட வளைவுக்கு மாற்றாக அமைந்த கூர்வளைவு, பக்கவாட்டுத் தள்ளலைக் குறைத்தது. விதானத்தின் அடியில் விலா எலும்புகள்போல் ஓடும் கல்வரிகள் எடையைத் தூண்களுக்குக் கொண்டு சென்றன. சுவருக்கு வெளியே கைபோல் நீளும் உதைவளைவுகள் எஞ்சிய தள்ளலை ஏற்று நிலத்தில் இறக்கின. சுமை குறைந்த சுவர்களில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஒளி பரப்பின.

கருவிகளும் கைகளும்

இன்றைய பொறியியல் கணக்கீடுகள் அன்று இல்லை. கவராயம், மூலைமட்டம், தூக்குக்குண்டு ஆகியவற்றைக்கொண்டே தலைமைக் கல்தச்சர் வடிவங்களை வரைந்தார். மரத்தாலான மாதிரிப் பலகைகளை வைத்துப் பிறர் கற்களைச் செதுக்கினர். மனிதர் உள்ளே நடந்து சுழற்றும் மிதிசக்கரங்கள் கற்களை மேலேற்றின. வளைவு முழுமை பெறும்வரை மரச்சாரம் அதனைத் தாங்கியது. இத்திறன் அனைத்தும் ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கைவழியாகவே சென்றது. 1196இல் மறைந்த மொரிசு தெ சுல்லி பேராலயத்தின் முழு வடிவத்தைக் காணவில்லை. அடித்தளமிட்ட கல்தச்சர் பலரும் அவ்வாறே மறைந்தனர். அவர்தம் திறன் பணியைத் தொடர்ந்தது.

மீண்டெழுந்த மரபு

தீக்குப்பின், கூரையைப் புதிய பொருள்களால் அமைக்கலாமா என்னும் விவாதம் எழுந்தது. முடிவில், பழைய வடிவிலேயே கருவாலி மரத்தால் அமைக்கத் தீர்மானித்தனர். தச்சர்கள் மரங்களைக் கோடரியால் செதுக்கி உத்தரங்களாக்கினர். அவர்களுள் சிலர், பிரான்சின் கெதலோன் என்னுமிடத்தில் அத்திறனைப் பயின்றவர்கள். அங்கே 1997 முதல், 13ஆம் நூற்றாண்டுக் கருவிகளையும் முறைகளையும் கொண்டு ஒரு கோட்டை கட்டப்பட்டு வருகிறது. பயனற்ற பழமை எனச் சிலர் கருதியிருக்கக்கூடிய அப்பயிற்சி, உற்ற வேளையில் உதவியது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

எரிந்த கூரையை மரம் மட்டும் மீட்டுத் தந்துவிடவில்லை. அம்மரத்தைச் செதுக்க அறிந்த கைகளே மீட்டன. கற்பிப்பார் இன்றேல் கைத்திறன் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும். கற்பாரும் கற்பிப்பாரும் உள்ளவரை அது கல்லினும் நெடிது வாழும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் உள்ள கைவினைஞர் ஒருவரை நேர்கண்டு, அவர் தொழில் கற்ற முறையையும் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் தொகுத்து வகுப்பறையில் பேசுக.