தசை வளர எது நல்ல முறை? தண்டாலா, டம்பெல்லா?

நம் சங்கக் குடும்பங்களில் இப்போது இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. பிள்ளைகள் மாதாமாதம் பணம் கட்டி ஜிம்முக்குப் போகிறார்கள். பெரியவர்களோ, "தண்டாலும் பஸ்கியும் எடுத்தே அந்தக் காலத்தில் பயில்வான் ஆனார்கள், இதற்கெல்லாம் பணமா?" என்று கேட்கிறார்கள். என் வீட்டிலும் பேரனுக்கும் எனக்கும் இந்த வாதம் உண்டு. ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எவ்வளவு பாரம், எவ்வளவு தாங்கும் என்பதே என் தொழிலாக இருந்தது. அந்தக் கண்ணோடு இம்முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தசை ஏன் வளர்கிறது?

இரும்புப் பாலத்தின் மேல் பாரம் ஏறி இறங்க இறங்க, நாளடைவில் இரும்பு களைத்து விரிசல் விடும். தசை இதற்கு நேர் எதிர். தாங்கக்கூடிய அளவுக்குச் சற்றே கூடுதலாகப் பாரம் கொடுத்து, பிறகு ஓய்வும் உணவும் கொடுத்தால், அது தன்னைத்தானே பழுது பார்த்து முன்னைவிடப் பலமாகிறது. ஆனால் அதே பாரத்தையே நாள்தோறும் கொடுத்து வந்தால், "இது போதும்" என்று நின்றுவிடும். எனவே பாரம் படிப்படியாக ஏற வேண்டும். எந்த முறையையும் எடை போட இதுவே உரைகல்.

கரடி மனை முறை

மைசூருக்குப் புதிதாக வந்தவர்கள் 'கரடி' என்றதும் விலங்கை நினைக்க வேண்டாம். கன்னடத்தில் கரடி மனை என்றால் மல்யுத்தப் பயிற்சிக் கூடம். இவ்வூரின் பழைய பேட்டைகளில் இன்றும் இவை உண்டு. தசராக் குஸ்திக்கும், விஜயதசமியன்று அரண்மனையில் ஜெட்டிகள் மோதும் வஜ்ரமுஷ்டிக்கும் ஆட்களைத் தயார் செய்தவை இத்தகைய கூடங்களே. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுற்றுதல், செம்மண் களத்தில் குஸ்தி ஆகியவை இங்கே முக்கியமான பயிற்சிகள்.

தரையில் கையூன்றித் தண்டால் நிலையில் இருக்கும்போது, உடல் எடையில் ஏறத்தாழ 64 சதவீதம் கைகளில் இறங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோ! முழங்காலைத் தரையில் ஊன்றினால் 49 சதவீதம், அதாவது 34 கிலோ. காசு செலவில்லாமல் கிடைக்கும் பாரம் இது. குறை என்னவென்றால், உடல் எடை மாறாதவரை பாரமும் மாறாது. இருபது எடுத்தவர் நூறு எடுக்கலாம். அதனால் மூச்சும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் கூடுமே தவிர, தசைப் பருமன் அதே வேகத்தில் கூடாது. பயில்வான்களுக்கு அந்தக் குறையை நிரப்பியது குஸ்தி. எதிராளியின் உடலே அவர்களுக்கு ஏறும் பாரம்!

இரண்டையும் இணைத்தவர்

இந்த வாதம் நம் ஊருக்குப் புதிதல்ல. பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்திய கே.வி. அய்யர், 1930-ல் 'மஸல் கல்ட்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். பார்பெல்லையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்றுக் கொடுத்தவர் அவர். உடற்பயிற்சியோடு கன்னடத்தில் நாவல்களும் எழுதினார். ஆக, சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை என்று அவர் அன்றே காட்டிவிட்டார்.

எடை தூக்கும் மூன்று முறைகள்

முதலாவது, டிலோர்ம் முறை. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945-ல் இதை வெளியிட்டார். 1948-ல் சுருக்கி அமைத்தார். பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடியுங்கள். அது 20 கிலோ என்றால், முதலில் 10 கிலோ பத்துத் தடவை, அடுத்து 15 கிலோ பத்துத் தடவை, கடைசியில் 20 கிலோ பத்துத் தடவை. அந்த 20 கிலோ பத்துத் தடவைக்கு மேல் தூக்க வந்தால் எடையைக் கூட்டலாம். நோயாளிக்காக அமைந்த முறையாதலால், புதியவர்களுக்கு இது பாதுகாப்பானது.

இரண்டாவது, ஐந்துக்கு ஐந்து. இங்கிலாந்தின் ரெக் பார்க் பரப்பிய முறை. கனமான எடையில் ஐந்து தடவை வீதம் ஐந்து செட். பலம் வேகமாகக் கூடும். ஆனால் தூக்கும் விதம் பிசகினால் இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும்.

மூன்றாவது, இன்று ஜிம்களில் பரவலாக உள்ள பங்கீட்டு முறை. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு என்று நாளுக்கு ஓர் உறுப்பு. ஷிப்ட் மாறி, ஒரு நாள் போக முடியாமற் போனால், அந்த உறுப்புக்கு வாரம் முழுவதும் வேலையில்லை.

ஆராய்ச்சி சொல்வது

2012-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைக் கொண்டு பத்து வாரம் சோதித்தார்கள். ஒருவர் ஒரே தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதத்தை ஒரு காலுக்கும், 30 சதவீதத்தை மற்றொரு காலுக்கும் கொடுத்து, இனி முடியாது என்னும்வரை செய்யச் சொன்னார்கள். தசை வளர்ச்சி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே! ஒரே மூச்சில் தூக்கும் பலம் மட்டும் கனமான எடையில் கூடுதலாக இருந்தது. 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு தசைக்கு வாரம் ஒரு முறையைவிட இரு முறை கொடுப்பது மேல் என்று தெரிந்தது.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? கருவி முக்கியமல்ல. கடைசி இரண்டு மூன்று தடவைகள் உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும். வாரம் இரு முறையாவது செய்ய வேண்டும். பாரம் ஏறிக்கொண்டே போக வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பேரனின் டம்பெல்லும் சரி, தாத்தாவின் தண்டாலும் சரி!

பெரியவர்களுக்கே அவசியம்

இது அழகுக்கான விஷயம் மட்டுமல்ல. முப்பது வயதுக்கு மேல் தசை மெல்லக் குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமை, படியேறத் தயக்கம், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிதல் எல்லாம் அதன் பின்னால் வருபவை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இங்கே தனியாக வாழும் நம் பெரியவர்களுக்குக் கால்பலம்தான் சுதந்திரம். 1990-ல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நின்றுவிட, முடித்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறிலும் தசை பதில் சொல்கிறது!

வீட்டிலேயே தொடங்க

வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று செட், எட்டு முதல் பதினைந்து தடவை.

1. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், பழகியபின் பஸ்கி.
2. சுவரில் கையூன்றித் தள்ளுதல். பிறகு உறுதியான மேஜை. கடைசியில் தரையில் தண்டால்.
3. ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் தண்ணீர்க் கேனை இடுப்புவரை இழுத்தல்.
4. முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, தரையிலிருந்து வாளியைத் தூக்குதல்.
5. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரை லிட்டர் கூட ஊற்றினால் அரை கிலோ கூடிவிடும். இதைவிட நுட்பமான டம்பெல் எந்தக் கடையில் கிடைக்கும்? தேதி, எடை, தடவை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. வெளியே விட வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். உணவில் புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. 60 கிலோவுக்கு ஏறத்தாழ 50 கிராம். எடைப் பயிற்சி செய்வோருக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை இவற்றிலேயே பெரும்பகுதி கிடைக்கும். பிள்ளைகளே, "சீக்கிரம் உடம்பு ஏறும்" என்று யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் தொடாதீர்கள். ஹார்மோன் மருந்துகள் இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

தாய்மார்களும் இதைத் தங்களுக்கு இல்லை என்று ஒதுக்க வேண்டாம். எலும்பு தேயும் அபாயம் அவர்களுக்கே அதிகம். பேரன் தாத்தாவுக்கு எடையைக் கூட்டும் கணக்கைச் சொல்லட்டும். தாத்தா பேரனுக்குப் பொறுமையைச் சொல்லட்டும். வரும் வாரமே ஒரு நோட்டு வாங்கி, முதல் நாளைக் குறித்துவிடுங்கள்.