தம்பிக்கு வி.ஆர். வாங்கலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

தண்டுவடத்தில் அடிபட்டு வீல்சேரில் இருக்கும் தம்பிக்கு உடற்பயிற்சிக்காக வி.ஆர். ஹெட்செட் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் எந்த ஹெட்செட் என்பதைவிட, எந்த விளையாட்டு என்பதை முதலில் பாருங்கள்.

பல விளையாட்டுகள் நிற்கிற ஆளை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. குனி, தாவு என்று விரட்டும். 2019-ல் முழுமையாக வெளிவந்த ‘பீட் சேபர்’ என்ற பாட்டு விளையாட்டு பரவாயில்லை. எதிரே வரும் சுவர்களை நீக்கிவிடலாம், ஆடுபவரின் உயரத்தை மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம். சில பாடல்களை ஒற்றைக் கையாலேயே ஆடலாம்.

குத்துச்சண்டைப் பயிற்சிகளில்தான் எனக்குத் தயக்கம். வீல்சேர் தள்ளுகிறவருக்கு நாள் முழுக்கத் தோளின் முன்பக்கத் தசைகளுக்கே வேலை. குத்துவதும் அதே பக்கம்தான். கூடவே எலாஸ்டிக் பட்டையைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சியையும் செய்யச் சொல்லுங்கள். செலவும் குறைவு!

ஆட்டத்தில் மூழ்கினால் வலி மறந்துபோகும். அமெரிக்காவில் தீக்காயம் பட்டவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது பனி உலகம் ஒன்றை வி.ஆரில் காட்டி வலியைக் குறைத்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன். உங்கள் தம்பி விஷயத்தில் அந்த மறதியே ஆபத்து. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை உடலைச் சாய்த்தோ தூக்கியோ உட்காருமிடத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். போனில் அலாரம் வையுங்கள்.

காயம் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ என்றால் இன்னும் கவனம் தேவை. பயிற்சியில் இதயத் துடிப்பு மற்றவர்களுக்குப் போல ஏறாது. வாட்ச் சொல்லும் இலக்கைத் துரத்த வேண்டாம், மூச்சு வாங்குவதை வைத்தே கணக்கிடலாம். காயத்துக்குக் கீழே வியர்ப்பதும் குறைவு என்பதால் ஃபேன் ஓடட்டும். திடீரென மண்டையிடி வந்தால் ஹெட்செட்டால் வந்த தலைவலி என்று விட்டுவிடாதீர்கள். நிறைந்த சிறுநீர்ப்பையோ இறுகிய பெல்ட்டோ ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றியிருக்கலாம். உடனே ஹெட்செட்டைக் கழற்றி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; உடைகளைத் தளர்த்துங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான். இதையெல்லாம் அவருடைய பிசியோதெரபிஸ்டிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

குவெஸ்ட் 2 ஹெட்செட்டின் எடை ஏறக்குறைய அரை கிலோ. வாங்குமுன் தெரிந்தவர்களிடம் ஒன்றை வாங்கி, தம்பியால் தானே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், அவர் ஆடும் நேரமெல்லாம் வீட்டில் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்